ஊரே துணை

"குடும்பம் மட்டும் போதாதும்மா. சுத்தியிருக்கிற ஊரும் கொஞ்சம் ஒத்துழைக்கணும்" என்று விழுப்புரத்து டாக்டரம்மா சொன்னபோது காயத்ரிக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைக்கு ஆட்டிசம் என்று கேட்டுவிட்டு ஒரு தாய் சிரித்தால், அவளுக்கும் சேர்த்து ஒரு சீட்டு எழுதிவிடுவார்களோ என்று அடக்கிக்கொண்டாள். பாவம், டாக்டரம்மாவுக்குக் காயத்ரியின் ஊரைத் தெரியாது. ஒத்துழைப்பு என்று வந்துவிட்டால் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

திண்டிவனத்தில் பஸ் மாறி, ஒலக்கூர் தாண்டி, வீட்டு வாசலில் வந்து இறங்குவதற்குள் சேதி அவர்களை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தது. புருஷன் சுதாகர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தன் அக்கா காசியம்மாளுக்குப் போன் போட்டிருந்தான். காசியம்மாளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் தண்டோரா போட வேண்டிய வேலை மிச்சம்.

"அந்த டாக்டருக்கு இன்னா தெரியும்? உச்சி வெயில்ல புள்ளைய புளியமரத்தாண்ட இட்டுக்கினு போனியே, அங்கதான் பயந்துக்கிச்சு" என்றாள் காசியம்மாள், செருப்பைக் கழற்றக்கூட விடாமல்.

எதிர்வீட்டில் செல்போன்தான் காரணம் என்றார்கள். பின்வீட்டில் கிரகணத்தன்று காயத்ரி கத்திரிக்காய் நறுக்கியதை யாரோ பார்த்திருந்தார்கள். ஆபரேஷன் பண்ணிப் பெற்றால் இப்படித்தான் என்று, மூன்று மருமகள்களுக்கும் ஆபரேஷனிலேயே பிரசவம் பார்த்த வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னார். காரணங்கள் ஆளுக்கொன்றாக இருந்தாலும் குற்றவாளி மட்டும் எல்லாவற்றிலும் ஒருத்திதான். நோய் இன்னதென்று தெரியாமலேயே இவ்வளவு தெளிவாகத் தீர்ப்பு சொல்ல வேறு எந்த ஊருக்கு வரும்?

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போயாக வேண்டும் என்பது காசியம்மாளின் உத்தரவு. அதற்கு அப்பீல் கிடையாது, போனார்கள். அத்தனை கூட்டத்தில், உடுக்கைச் சத்தத்தில், கற்பூரப் புகையில் பிள்ளை மிரண்டுபோய்க் காயத்ரியின் முன்கையைக் கடித்தாள்.

"பாத்தியா, எறங்குது! எறங்குது!" என்று காசியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இறங்கியது பல்தான். தழும்பு இன்னும் இருக்கிறது. அங்காளம்மன் மீது காயத்ரிக்கு ஒரு வருத்தமும் இல்லை. அத்தனை பேர் ஒரே நேரத்தில் கத்தினால் அம்மனுக்கே தலை வலிக்கும்.

பிள்ளையின் பெயர் தமிழ்மொழி. ஐந்து வயது. ஏதோ ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த உற்சாகத்தில் சுதாகர் வைத்த பெயர். "பேரு தமிழ்மொழி, வாயில ஒரு வார்த்தை வரல" என்று ஊரில் ஒவ்வொருவரும், அந்த வேடிக்கையைத் தாங்களே கண்டுபிடித்தது போலச் சொன்னார்கள். காயத்ரியும் ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேட்பது போலக் கேட்டுவைத்தாள்.

பேச்சு வரவில்லையே தவிர, வேண்டியதைக் கேட்கத் தெரியாதவள் இல்லை. தாகம் எடுத்தால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சொம்பின் மேல் வைப்பாள். பசித்தால் அதே கை சோற்றுக் குண்டான் மேல் போகும். "இதுவும் பேச்சுதாங்க" என்று விழுப்புரத்தில் பயிற்சி கொடுக்கும் அஸ்வினி மேடம் சொல்லியிருந்தாள். "இப்போதைக்கு உங்க கையை மட்டுந்தான் புடிக்கிறா. ஒரு நாள் வேற யார் கையையாவது புடிச்சுக் கேட்டான்னா, எனக்குப் போன் பண்ணுங்க."

பிள்ளைக்குப் பிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. ஒரு கிண்ணம் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், ஒரு வாளித் தண்ணீரும் போதும். ஒவ்வொரு கொட்டையாக வாளிக்குள் போட்டு, அது 'டொளக்' என்று விழும் சத்தத்துக்குக் காதைச் சாய்த்துக்கொண்டு, மூக்காலே 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகுவாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தால் காயத்ரிக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். மைக் செட்டின் குழாய் ஸ்பீக்கர். போன ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று, வீட்டுக்கு நேர் எதிரே கரண்ட் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் விடியும் முன்பே அலறத் தொடங்கியது. காயத்ரி தன் உள்ளங்கைகளால் பிள்ளையின் காதுகளைப் பொத்தினாள். எவ்வளவு நேரம் பொத்துவது? அடுப்பில் பால் பொங்கியது என்று ஒரு நிமிஷம் கையை எடுத்தாள். பிள்ளை வாசலைத் தாண்டி ஓடிவிட்டாள். சென்னை பைபாஸில் லாரிகளுக்கு நடுவே இறங்கப் போனவளை ஒரு டீக்கடைக்காரர் பிடித்து நிறுத்தியிருந்தார்.

"நமக்குச் சத்தம்னா எரிச்சல். அவளுக்கு அது வலி" என்று டாக்டரம்மா விளக்கினார். "வலி வந்தா ஓடத்தான் செய்வா. கதவப் பாத்துக்கோங்க."

அன்றிலிருந்து காயத்ரி அம்மனிடம் பேச்சு கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை. இந்த ஆடியில் பிள்ளை ஓடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அம்மன்கூட வேண்டாம், அந்தக் குழாயைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவைத்தால் போதும்.

இதைச் சொல்வதற்காகத்தான் ஆடி பிறந்ததும் மைக் செட் வீரமுத்துவைத் தேடிப் போனாள். அவர் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"திருப்பிடலாம்மா, எனக்கின்னா? ஆனா அந்தப் பக்கம் திருப்புனா வெறும் காடு. இந்தப் பக்கம் வெச்சாத்தான் பக்கத்து ஊர்க்காரனுக்குக் கேக்கும். போன வருசம் அவன் நம்மளவிட ரெண்டு குழா ஜாஸ்தி கட்டிட்டான், தெரியுமா? ஊரே தலைகுனிஞ்சு போச்சு."

"புள்ள ஓடிடறாங்க."

"அதான் பாவமா இருக்குது" என்று அவர் உண்மையாகவே கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு, எதற்கும் இளைஞர் மன்றத் தலைவரைப் பார்க்கச் சொன்னார்.

தலைவர் வெற்றிச்செல்வனுக்கு முப்பது வயது. அடுத்த தேர்தலில் வார்டு மெம்பர் ஆவது என்ற ஒரே முடிவோடு வாழ்பவன். தன் முதல் மேடைப்பேச்சையே செல்போனில் ரிங்டோனாக வைத்திருந்தான். யார் கூப்பிட்டாலும் அவன் சட்டைப் பையிலிருந்து அவன் குரலே "அன்பார்ந்த ஊர்ப் பெருமக்களே!" என்று முழங்கும். போனை எடுக்க அவன் ஒருபோதும் அவசரப்பட்டதில்லை.

அவன் காயத்ரி சொன்னதைக் கடைசி வரை கேட்டான். அதுவே பெரிய அதிசயம். பிறகு நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்: "அண்ணி, நீங்க ஒண்ணியும் கவலப்படாதீங்க. பாப்பாவுக்கு ஊரே துணை. சுதாகர் அண்ணனும் சொன்னாரு, டாக்டரு ஊரு ஒத்துழைக்கணும்னு சொன்னாங்களாமே? செஞ்சுடலாம். என்கிட்ட உட்டுடுங்க."

அவனிடம் விட்டுவிட்டு வந்து காயத்ரி வெகுநாளைக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினாள். அதுதான் அவள் செய்த தப்பு.

கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலம் போட வெளியே வந்தவளின் கையில் கோலமாவு அப்படியே நின்றுவிட்டது. எதிரே ஆளுயர பிளெக்ஸ். அதில் வெற்றிச்செல்வன் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தான். அவன் முழங்கைக்குக் கீழே சின்ன வட்டத்துக்குள் தமிழ்மொழி, முதல் பிறந்தநாளன்று எடுத்த படம். 'மாபெரும் ஆட்டிசம் விழிப்புணர்வு விழா! ஊரே உன்னோடு தமிழ்மொழி!' என்று சிவப்பு எழுத்து.

கம்பத்தில் பழைய குழாய் அதே இடத்தில் அதே பக்கம் பார்த்து இருந்தது. அதற்குத் துணையாக இன்னும் இரண்டு புதுக் குழாய்கள், இரண்டும் அவள் வீட்டு ஜன்னலைப் பார்த்து.

"விழா பாப்பாவுக்குத்தானே? அவளுக்கு நல்லாக் கேக்கணும் இல்ல? அதான் இஸ்பெஷலா கட்டச் சொன்னாரு தலைவரு" என்றார் ஏணி மேலிருந்த வீரமுத்து.

காயத்ரி உள்ளே ஓடினாள். சுதாகர் புது வேட்டி கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

"உனக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல" என்றான். வேட்டி மடிப்பைத் தடவிச் சரிசெய்தான். "இத்தினி நாளா எவன் கல்யாணத்துக்குப் போனாலும் புள்ளைய மூலையில மறைச்சு வெச்சுக்கினு இருந்தோமே காயத்ரி. இன்னிக்கு ஊரே மேடை போட்டுக் கூப்புடுது. சால்வை போத்தப் போறாங்க அவளுக்கு."

அவனைத் திட்ட வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சொந்தக்காரர்கள் வீட்டில் தலை நிமிர்ந்து உட்கார அவன் பட்ட ஆசை அவளுக்குத் தெரியும். அந்த ஆசையைக் கொண்டுபோய் வெற்றிச்செல்வனிடம் கொடுத்திருக்கிறானே என்றுதான் ஆற்றாமையாக இருந்தது.

"அவளுக்குச் சால்வை எதுக்குங்க? சத்தம் வேணாம்னு ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்" என்றாள்.

அதற்குள், "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்" என்று மூன்று குழாய்களும் ஒன்றாக வாய் திறந்தன.

காயத்ரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள், ஜன்னலில் மெத்தையைச் சாய்த்தாள், மல்லாட்டைக் கிண்ணத்தைப் பிள்ளையின் மடியில் வைத்துக் காதுகளைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே பம்பை மேளம் அதிர்ந்தது. அம்மன் பாட்டு போய், வெற்றிச்செல்வன் வந்தான். ஆட்டிசக் குழந்தைகளுக்கு அதிகச் சத்தம் ஆகாது, எனவே ஊர் மக்கள் அமைதி காக்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும். வீரமுத்துவுக்குப் பெருமையாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் காசியம்மாள் பின்கட்டு வழியாக வந்து உள்ளறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். கையில் பட்டுப்பாவாடை.

"ஏம்மே, ஊரே காத்துக்கினு இருக்குது, நீ இங்க புள்ளைய அடைகாத்துக்கினு குந்தினு இருக்கியா? ஜல்தியா கட்டி உடு, சால்வை போத்தணும்."

"அண்ணி, மொதல்ல கதவ மூடுங்க!"

காசியம்மாள் காரியங்களைத் தொடங்குவாளே தவிர, கதவுகளை மூடிப் பழக்கமில்லை. பாவாடையைக் கட்டுவதற்காகப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த அதே நொடியில் வாசலில் பத்தாயிரம் வாலா வெடிக்கத் தொடங்கியது. தமிழ்மொழி அலறிக்கொண்டு இரண்டு பேர் பிடியையும் உதறினாள். மல்லாட்டைக் கிண்ணம் அவள் நெஞ்சோடு இருந்தது. பின்கட்டு வழியாக அவள் ஓடியதைக் காயத்ரி பார்த்தாள். எழுந்து ஓடிப் பின்வாசலுக்கு வந்தபோது வெடிப்புகைதான் இருந்தது. பிள்ளை இல்லை.

"தமிழு! தமிழு!" என்று காயத்ரி கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

ஊர் ஒத்துழைக்க வந்துவிட்டது. மன்றத்துப் பையன்கள் பைக்கை எடுத்துக்கொண்டு ஹாரனை விடாமல் அழுத்தியபடி ஆளுக்கொரு தெருவில் பறந்தார்கள். பம்பைக்காரர்கள், எதற்கு என்று யாருக்கும் தெரியாது, இன்னும் வேகமாக அடித்தார்கள். காசியம்மாள் தெருவில் உட்கார்ந்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். வெற்றிச்செல்வன் மைக்கைப் பிடித்தான்.

"அன்புச் செல்வம் தமிழ்மொழி எங்கிருந்தாலும் உடனடியாக விழா மேடைக்கு வரும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்! மறுபடியும் சொல்கிறேன்..."

மறுபடியும் சொன்னான். ஒவ்வொரு முறை அவன் அழைக்கும்போதும் பிள்ளை இன்னும் கொஞ்சம் தூரம் ஓடுவாள் என்று காயத்ரிக்குத் தெரிந்தது. ஒரு பக்கம் பைபாஸ். இன்னொரு பக்கம் கொல்லைமேடு, அங்கே வயலுக்கு வயல் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. எந்தப் பக்கம் ஓடுவது? அவள் மேடைக்கு ஓடினாள். ஏறி, வெற்றிச்செல்வன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"நிறுத்துங்க! எல்லாத்தையும் நிறுத்துங்க! நீங்க கத்துறதாலதான் அவ ஓடுறா!"

அதுவும் மூன்று குழாயில் அலறியது.  மைக்கைக் கீழே போட்டாள். வீரமுத்து ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் தயங்கி நின்றார்.

"அம்மன் பாட்டு அடுத்து லைன்ல இருக்குதும்மா. போட்ட செட்டப் பாதியில நிறுத்தக் கூடாது, தெய்வக்குத்தம்..."

சுதாகர் வந்தான். புது வேட்டி அவிழ்ந்து தரையில் இழுபட்டது.  ஜெனரேட்டரிலிருந்து வந்த ஒயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து எறிந்தான். குழாய்கள் செத்தன. பிறகு பம்பைக்காரர் எதிரே போய்க் கையெடுத்துக் கும்பிட்டான். பம்பையும் நின்றது. பைக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. காசியம்மாளின் ஒப்பாரி மட்டும் மிச்சமிருந்தது. "அக்கா, உன் கால்ல உழறேன்" என்று சுதாகர் சொன்னதும் அவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஊர் அப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை. வேப்பமரத்துக் காற்று கேட்டது. யார் வீட்டிலோ ஆடு கத்தியது. காயத்ரி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

அப்போது கேட்டது. கொல்லைமேட்டுப் பக்கமிருந்து, மிக லேசாக, மூக்கால் இழுத்த ஒரு முனகல். நிற்கும், மறுபடி வரும்.

செருப்பில்லாமல் வரப்பில் ஓடினாள். பின்னாலேயே ஊர் வந்தது. வேர்க்கடலை வயலின் நடுவே பாழும் கிணறு, ஒரு பக்கம் மண் சரிந்து கிடக்கும். அந்த விளிம்பில் தமிழ்மொழி கால்களைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கிண்ணம். ஒரு மல்லாட்டையை எடுத்துப் போடுவாள், காதைச் சாய்ப்பாள், 'ம்ம்ம்' என்பாள், இன்னொன்றை எடுப்பாள்.

யாராவது ஒரு சத்தம் போட்டால் முடிந்தது. காயத்ரி திரும்பி ஊரைப் பார்த்தாள். உதட்டில் விரல்கூட வைக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். ஊர் அப்படியே வரப்பில் நின்றது. எதைப் பற்றியும் ஒரு கருத்து சொல்லாமல் இருந்தறியாத அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

காயத்ரி தரையோடு தவழ்ந்து போனாள். பிள்ளையின் கவுனைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. அதே சுருதியில் 'ம்ம்ம்' என்றாள். பிள்ளை திரும்பாமலே கொஞ்சம் நகர்ந்து அவள் மேல் சாய்ந்தாள். இடுப்பில் கை கொடுத்து மெல்லப் பின்னுக்கு இழுத்தாள். சரிந்த மண்ணைத் தாண்டிக் கெட்டித் தரைக்கு வந்த பிறகுதான் காயத்ரிக்கு அழுகை வந்தது. அதையும் சத்தமில்லாமல் அழுதாள்.

அந்த நேரம் பார்த்து வரப்பிலிருந்து ஒரு குரல் முழங்கியது.

"அன்பார்ந்த ஊர்ப் பெருமக்களே!"

வெற்றிச்செல்வனின் சட்டைப் பை. யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். பிள்ளையின் உடம்பு விறைத்தது. ஓடப் போகிறாள் என்று காயத்ரி பிடியை இறுக்கினாள். தமிழ்மொழி ஓடவில்லை. அம்மா பக்கம் திரும்பினாள். மண் படிந்த தன் இரண்டு சின்ன உள்ளங்கைகளையும் எடுத்து, காயத்ரியின் காதுகளைப் பொத்தினாள். வலிக்காமல் இருக்க அம்மா தனக்கு என்ன செய்வாளோ, அதை அம்மாவுக்குச் செய்தாள். இதற்குமேல் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று காயத்ரிக்குத் தோன்றியது.

வெற்றிச்செல்வன் போனை வெளியே எடுத்துவிட்டான். வேர்த்த விரல் திரையில் வழுக்கியது. "...உங்கள் பொன்னான பாதங்களைத் தொட்டு வணங்கி..." என்று அவன் குரல் இன்னும் ஏறியது. வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் பேச்சை நிறுத்த வேண்டும் என்று அவனே தவித்தான். கடைசியில் வேறு வழி தெரியாமல் போனைத் தூக்கிக் கிணற்றுக்குள் எறிந்தான்.

டொளக்.

தமிழ்மொழியின் கைகள் அம்மாவின் காதிலிருந்து இறங்கின. கிணற்றைப் பார்த்தாள். மல்லாட்டையால் முடியாத சத்தம் அது. வாயைத் திறந்து, பல் தெரிய, கலகலவென்று சிரித்தாள். சுதாகர் வேட்டி முனையால் முகத்தை மூடிக்கொண்டான்.

பிறகு பிள்ளை எழுந்தாள். காயத்ரி அவள் கவுனை விடாமல் பின்னாலேயே போனாள். பிள்ளை நேராக வெற்றிச்செல்வனிடம் போய் நின்று, அவன் கையைப் பிடித்து, அவன் சட்டைப் பையின் மேல் வைத்தாள்.

மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவன் திருதிருவென்று விழித்தான். "அண்ணி, இன்னா சொல்லுது?" என்று, காற்றுதான் வந்ததோ குரல்தான் வந்ததோ என்னும்படி கேட்டான்.

"இன்னொண்ணு போடச் சொல்றா" என்றாள் காயத்ரி. அஸ்வினி மேடத்துக்குப் போன் பண்ண வேண்டும் என்று நினைத்தாள்.

அவனிடம் இன்னொன்று இல்லை. காலிப் பையைத் தடவிக்கொண்டு நின்றான். காசியம்மாள்தான் முதலில் அசைந்தாள். முந்தானை இன்னும் வாயிலேயே இருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வயலிலிருந்து கைகொள்ளாத ஒரு மண்கட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் வீசினான். பிள்ளை காதைச் சாய்த்துக் கேட்டாள், சிரித்தாள், மறுபடி அவன் கையைப் பிடித்தாள்.

ஊர் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு, அடுத்த கட்டிக்காகக் குனிந்தது.